மணமாலையும் மனுத்தாளும்



திருமணத்தை ஆயிரங்காலத்துப் பயிர் என்று சொல்வது நம் வழக்கம். அந்தப் பயிர் உண்மையாகவே வேர் பிடித்ததா என்று பார்ப்பதற்கு ஓர் அரசாங்கம் இரண்டே ஆண்டுகள் தவணை வைக்கிறது. அதற்கு ஒரு மனுவும் கேட்கிறது. அந்த மனுவுக்குப் பதில் வருவதற்கு முன்பே, “நீ குடியுரிமைக்கும் விண்ணப்பிக்கலாம்” என்று அதே அரசாங்கத்தின் வேறொரு சட்டம் கதவைத் திறந்து வைக்கிறது. முதல் மனு மேசையில் கிடக்க, இரண்டாவது விண்ணப்பமும் அதன் மேல் போய் அமர்கிறது. இது அமெரிக்க ஐக்கிய நாட்டில் அன்றாடம் நடக்கும் காரியம்.

நம் குடும்பங்களிலும் மகளையோ மருமகனையோ அந்த நாட்டுக்கு அனுப்பிவிட்டு, “இன்னும் கடிதம் வரவில்லையா?” என்று கேட்டுக்கொண்டிருப்பவர்கள் உண்டு. நீல அடையாள அட்டைக்கும் சிவப்பு அடையாள அட்டைக்கும் உள்ள வேறுபாடு நம் வீடுகளில் குழந்தைக்கும் தெரியும். ஆகவே அவர்களுடைய காத்திருப்பு நமக்குப் புரியாத ஒன்றல்ல. ஆனால் இந்த இரட்டை மனு எப்படி வந்தது? ஒரே திருமணத்தை ஒரு நாடு ஏன் இரண்டு முறை விசாரிக்கிறது? இதற்கு விடை தேடினால் நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட ஒரு வரலாறு நம் முன் விரிகிறது.

கதை 1855-இல் தொடங்குகிறது. அந்த ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் செய்தது. அமெரிக்கக் குடிமகனை மணக்கும் அயல்நாட்டுப் பெண், குடியுரிமை பெறும் தகுதி உடையவளாக இருந்தால், மணந்த அளவிலேயே அமெரிக்கக் குடிமகள் ஆகிவிடுவாள் என்றது அச்சட்டம். மனு இல்லை, காத்திருப்பு இல்லை, உறுதிமொழி கூட இல்லை. கேட்பதற்குத் தாராளமாகத் தோன்றும். ஆனால் அதன் உள்ளே இருந்த எண்ணம் என்ன? கணவன் எவ்வழியோ மனைவியும் அவ்வழி. அவளுக்கென்று தனி நாடு எதற்கு என்பதுதான். அந்த நாள் ஆங்கிலச் சட்டமும் ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் சட்டமும் இதையே சொல்லின.

இந்த எண்ணத்தின் மறுபக்கம் 1907-இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு மார்ச் மாதம் இயற்றப்பட்ட சட்டம், அயல்நாட்டவரை மணக்கும் அமெரிக்கப் பெண் தன் கணவனின் நாட்டுரிமையையே அடைவாள் என்றது. அதாவது அவள் தன் சொந்தக் குடியுரிமையை இழப்பாள். அயல்நாட்டுப் பெண்ணை மணந்த அமெரிக்க ஆணுக்கோ எந்த இழப்பும் இல்லை.

இதை எதிர்த்து ஒரு பெண் நீதிமன்றம் ஏறினார். அவர் பெயர் எதெல் மெக்கன்சி. கலிபோர்னியாவில் பிறந்து வளர்ந்தவர். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று உழைத்தவர். 1909-இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஒரு பாடகரை மணந்தார். இருவரும் கலிபோர்னியாவிலேயே குடியிருந்தார்கள். 1911-இல் அந்த மாநிலம் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கியது. தாம் பாடுபட்டுப் பெற்ற உரிமையைப் பயன்படுத்த, 1913-இல் சான் பிரான்சிஸ்கோ நகரத்தில் வாக்காளராகப் பதிந்துகொள்ளச் சென்றார். “நீங்கள் அயல்நாட்டவர், உங்களுக்கு வாக்கு இல்லை” என்று திருப்பி அனுப்பினார்கள். ஒரு நாள் கூட அந்த நாட்டை விட்டுக் குடிபெயராதவர், தம் சொந்த ஊரிலேயே அந்நியர் ஆகிவிட்டார்!

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1915-ஆம் ஆண்டு டிசம்பரில் தீர்ப்பு வந்தது. அயல்நாட்டவரை மணந்தால் என்ன விளையும் என்று அறிந்தே அவர் மணந்தார். ஆகவே தம் விருப்பத்தாலேயே குடியுரிமையை விட்டதாகக் கொள்ள வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம்.

ஆனால் காலம் மாறிக்கொண்டிருந்தது. 1920-இல் அரசியலமைப்பின் 19-ஆவது திருத்தம் நாடு முழுவதும் பெண்களுக்கு வாக்குரிமையைத் தந்தது. வாக்காளராகிவிட்ட பெண்களின் குரலுக்கு அரசியல்வாதிகள் செவி சாய்க்கத்தானே வேண்டும்? 1922 செப்டம்பரில் ஒரு புதிய சட்டம் பிறந்தது. அதைக் கொண்டு வந்தவர் ஒஹாயோ மாநிலத்தைச் சேர்ந்த ஜான் கேபிள் என்னும் உறுப்பினர். அதனால் அதைக் கேபிள் சட்டம் என்பார்கள். மனைவியின் குடியுரிமை வேறு, கணவனின் குடியுரிமை வேறு என்பதே அதன் அடிப்படை.

நேயர்களே, இந்த இடத்தைச் சற்று கவனமாகப் பார்க்க வேண்டும். கேபிள் சட்டம் ஒரு கையால் கொடுத்தது. மறு கையால் எடுத்தது. அமெரிக்கப் பெண் அயல்நாட்டவரை மணந்தாலும் தன் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றது கொடுத்த கை. அமெரிக்கரை மணந்து வரும் அயல்நாட்டுப் பெண் இனி தானாகக் குடிமகள் ஆகமாட்டாள், அவள் தனியே விண்ணப்பம் போட வேண்டும் என்றது எடுத்த கை. அவளுக்கு ஒரு சலுகை மட்டும் இருந்தது. மற்றவர்கள் ஐந்தாண்டு வசித்திருக்க வேண்டும். அவள் ஓராண்டு வசித்திருந்தால் போதும். திருமணத்துக்கும் குடியுரிமைக்கும் இடையே காத்திருப்பு என்னும் ஒன்று முதன்முதலாக வந்து நின்றது அப்போதுதான். பெண் தனி மனுஷியாக மதிக்கப்பட்டதற்கு அவள் கொடுத்த விலை என்றும் அதைச் சொல்லலாம்.

கேபிள் சட்டத்தில் இன்னொரு முள்ளும் இருந்தது. குடியுரிமை பெறத் தகுதியற்ற அயல்நாட்டவரை மணக்கும் பெண் தன் குடியுரிமையை இழப்பாள் என்று அது சொல்லிற்று. யார் அந்தத் தகுதியற்றவர்கள்? பெரும்பாலும் ஆசியர்கள். அக்காலத்தில் வெள்ளையரும் ஆப்பிரிக்க வம்சாவளியினரும் மட்டுமே மனுச் செய்து அமெரிக்கக் குடியுரிமை பெற முடியும். அமெரிக்க மண்ணிலேயே பிறந்த சீனப் பெண் ஒருத்தி, சீனாவில் பிறந்த ஒருவரை மணந்தால், பிறந்த நாட்டின் உரிமை அவளிடமிருந்து போயிற்று.

இந்தியர்களையும் இந்த முள் குத்தியது. பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபியர், முதல் உலகப் போரின்போது அமெரிக்கப் படையில் பணியாற்றியவர். இந்தியர்கள் சட்டத்தின் கண்ணில் வெள்ளையர் அல்லர். ஆகவே அவர்களுக்குக் குடியுரிமை இல்லை என்று 1923-இல் உச்ச நீதிமன்றம் அவர் வழக்கில் தீர்ப்பளித்தது. ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்களிடமிருந்தும் அதைப் பறிக்க அரசு முனைந்தது. வங்காளத்தைச் சேர்ந்த தாரக்நாத் தாஸ் 1914-இலேயே அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். அவரை 1924-இல் மணந்தார் மேரி என்னும் அமெரிக்கப் பெண்மணி. கணவர் தகுதியற்றவர் என்று அரசு சொல்லவே, மனைவியும் தம் நாட்டுரிமையை இழந்தார்.

இதே காலத்தில் இன்னொரு பெண்மணியின் கதை வேறு விதமாக முடிந்தது. ரூத் பிரையன் ஓவன் என்பவர், மூன்று முறை அதிபர் தேர்தலில் நின்ற வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனின் மகள். 1910-இல் ஓர் ஆங்கிலேய இராணுவ அதிகாரியை மணந்ததால் குடியுரிமையை இழந்தவர். கேபிள் சட்டத்தின் துணையால் 1925-இல் அதைத் திரும்பப் பெற்றார். 1928-இல் புளோரிடாவிலிருந்து காங்கிரசுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். காங்கிரஸ் உறுப்பினர் ஏழாண்டுகள் குடிமகனாக இருந்திருக்க வேண்டும் என்பது விதி. இவர் குடிமகளாகி மூன்றாண்டுதானே ஆகிறது என்று தோற்றவர் முறையிட்டார். சபையினர் விசாரித்து, அவர் உறுப்பினராக இருக்கத் தகுதியுடையவரே என்று முடிவு செய்தார்கள். எந்தச் சட்டத்தால் அந்நியர் ஆக்கப்பட்டாரோ, அந்தச் சட்டத்தை இயற்றிய அவையிலேயே அவர் அமர்ந்தார்.

ஆசியர் பற்றிய அந்த விதி 1931-இல் நீக்கப்பட்டது. 1934-இல் மற்றொரு மாற்றம் வந்தது. குடிமகனை மணந்த மனைவிக்கும், குடிமகளை மணந்த கணவனுக்கும் ஒரே கணக்கு: மூன்று ஆண்டுகள் வசித்திருந்தால் குடியுரிமைக்கு மனுச் செய்யலாம். ஆணுக்கும் பெண்ணுக்கும் சமநீதி வந்தது. ஆனால் பெண்ணுக்கு ஓராண்டாக இருந்த காத்திருப்பு மூன்றாண்டாக நீண்டது. இந்த மூன்று என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1952-இல் குடிநுழைவு, குடியுரிமைச் சட்டங்களை ஒன்றாகத் தொகுத்தபோது, அந்த மூன்றாண்டு விதி 319-ஆம் பிரிவில் இடம்பெற்றது. இன்றும் அது அங்கேயே இருக்கிறது. இதற்கிடையில், 1946-இல் இந்தியர்களுக்கும் குடியுரிமை பெறும் தகுதி கிடைத்தது. 1937 முதல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வானியல் அறிஞர் சுப்ரமணியன் சந்திரசேகர் 1953-இல் அமெரிக்கக் குடிமகனானது இந்த மாற்றத்திற்குப் பிறகுதான்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், படைவீரர்கள் வெளிநாடுகளில் மணந்த பெண்களை அழைத்துவர 1945 டிசம்பரில் ஒரு தனிச் சட்டம் செய்யப்பட்டது. 1946 பிப்ரவரியில் ‘அர்ஜென்டினா’ என்னும் கப்பல் 450-க்கும் மேற்பட்ட மணப்பெண்களோடு நியூயார்க் துறைமுகத்தை அடைந்தபோது ஊரே திரண்டு வரவேற்றது. ஆனால் எல்லா மணப்பெண்களுக்கும் அந்த வரவேற்பு கிடைக்கவில்லை. எல்லன் நாஃப் என்பவர் ஜெர்மனியில் பிறந்தவர். முன்னாள் அமெரிக்கப் படைவீரர் ஒருவரை அங்கே மணந்து, 1948 ஆகஸ்டில், குடியுரிமை பெறும் எண்ணத்தோடு நியூயார்க் வந்து இறங்கினார். அவரை எல்லிஸ் தீவிலேயே நிறுத்திவிட்டார்கள். அவர் நாட்டுக்குள் வருவது ஆபத்து என்றார்கள். என்ன ஆபத்து? அது இரகசியம் என்றார்கள். விசாரணையும் கிடையாது. 1950 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அரசின் பக்கமே தீர்ப்பளித்தது. செய்தித்தாள்கள் எழுதின, காங்கிரசில் குரல் எழுந்தது, இறுதியில் விசாரணை நடந்தது, 1951 நவம்பரில் அவர் உள்ளே அனுமதிக்கப்பட்டார். கணவன் வீட்டு வாசலைத் தாண்ட அவருக்கு மூன்றாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. மணமாலையால் மட்டும் கதவு திறந்துவிடாது என்பதை அந்த வழக்கு உலகுக்குக் காட்டியது.

இனி 1986-க்கு வருவோம். குடியுரிமைக்காகப் பொய்த் திருமணங்கள் நடக்கின்றன என்ற பேச்சு அப்போது பலமாக இருந்தது. குடிநுழைவுத் துறையினர் காங்கிரஸ் குழுவின் முன், திருமணத்தின் பேரில் வரும் மனுக்களில் 30 விழுக்காடு சந்தேகத்துக்குரியவை என்றார்கள். அந்தக் கணக்கின் அடிப்படை நம்பத்தக்கதல்ல என்பது பின்னால் தெரியவந்தது. ஆனால் சட்டம் அதற்குள் வந்துவிட்டது. 1986 நவம்பரில் நிறைவேறிய அந்தச் சட்டம், திருமணமாகி இரண்டாண்டு முடியாத நிலையில் வசிப்புரிமை பெறுபவருக்கு அதை நிபந்தனையோடுதான் கொடுத்தது. இரண்டாம் ஆண்டு முடிவதற்கு முந்திய 90 நாட்களுக்குள், கணவனும் மனைவியும் சேர்ந்து கையெழுத்திட்டு, நிபந்தனையை நீக்கும்படி மனுச் செய்ய வேண்டும். சேர்ந்து வாழ்வதற்கு அத்தாட்சியாக வீட்டு வாடகைப் பத்திரம், வங்கிக் கணக்கு, வரிக் கணக்கு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் காட்ட வேண்டும். இதுவே இரண்டாண்டுக் கணக்கு.

சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்ற அந்த ஒரு வரி எத்தனை பெண்களைக் கண்ணீர் விட வைத்தது தெரியுமா? கொடுமை செய்யும் கணவன், “நான் கையெழுத்துப் போடாவிட்டால் உன்னை நாடு கடத்திவிடுவார்கள்” என்று மிரட்டலாம் அல்லவா? நான்கே ஆண்டுகளில், 1990-இல், சட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. கொடுமைக்கு ஆளான துணைவர் தனியாகவே மனுச் செய்யலாம் என்று வழி செய்தார்கள். 1994-இல் இயற்றப்பட்ட மற்றொரு சட்டம், துணைவரின் தயவின்றி வசிப்புரிமையையே நேராகக் கோரும் வழியையும் திறந்தது.

இப்போது இரண்டு கணக்குகளையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். மூன்றாண்டுக் கணக்கு 1934-இல் பிறந்தது. அது துணைவருக்குச் சலுகை காட்ட வந்தது. இரண்டாண்டுக் கணக்கு 1986-இல் பிறந்தது. அது துணைவரைச் சந்தேகித்து வந்தது. பின்னால் வந்தது முன்னால் வந்ததை நீக்கவில்லை. இரண்டும் ஒரே மனிதரின் தலையில் வந்து சேர்ந்தன.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 2020 ஆகஸ்டில் அமெரிக்கக் குடிமகன் ஒருவரை மணந்த பெண், 2021 மார்ச் முதல் தேதி நிபந்தனையோடு கூடிய பச்சை அட்டையைப் பெறுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். நிபந்தனையை நீக்கும் மனுவை அவள் 2022 டிசம்பர் தொடக்கத்திலிருந்து போடலாம். குடியுரிமைக்கு மூன்றாண்டு; அதிலும் 90 நாள் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். ஆக 2023 டிசம்பர் தொடக்கத்தில் அந்த வாசலும் திறக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஓராண்டுதான். முதல் மனு ஓராண்டுக்குள் முடிந்தால் சிக்கல் இல்லை. ஆனால் அது முடிவதில்லை. மனுப் பெற்றுக்கொண்டதற்கான கடிதம் அட்டையின் காலத்தை நீட்டித்துக் கொடுக்கும். அந்த நீட்டிப்பு முன்பு 12 மாதமாக இருந்தது. 2018-இல் 18 மாதமாயிற்று. 2021-இல் 24 மாதமாயிற்று. 2023-இல் 48 மாதமாயிற்று. தாமதம் எவ்வளவு பெருகியது என்பதற்கு இந்த எண்களே சாட்சி.

அப்படியானால் அவள் என்ன செய்யலாம்? விண்ணப்பிக்கலாம், சட்டம் தடுக்கவில்லை. நிபந்தனையோடு வாழ்ந்த ஆண்டுகளும் மூன்றாண்டுக் கணக்கில் சேரும். ஆனால் முதல் மனுவுக்கு முடிவு காணாமல், பொதுவாக, குடியுரிமை வழங்கமாட்டார்கள். இரண்டு கோப்புகளையும் ஒன்றாக வரவழைத்து, ஒரே நேர்முகத்தில் இரண்டையும் அதிகாரி விசாரிப்பதுண்டு. தூங்கிக்கொண்டிருந்த முதல் மனுவை இரண்டாவது விண்ணப்பம் தட்டி எழுப்புவதும் இதனால்தான். குடியுரிமை நேர்முகம் முடிந்து 120 நாட்களுக்குள் முடிவு சொல்லாவிட்டால், நீதிமன்றத்தை நாடவும் சட்டம் இடம் கொடுக்கிறது.

இதில் ஆபத்தும் இல்லாமல் இல்லை. உறுதிமொழி எடுப்பதற்கு முன் திருமணம் முறிந்தாலோ, துணைவர் இறந்தாலோ, மூன்றாண்டு வழி அடைபட்டுவிடும். ஐந்தாண்டு வழியே மிஞ்சும். முதல் மனு தள்ளுபடியானால் இரண்டாவதும் அதோடு சாயும். ஆக அந்தப் பெண் உறுதிமொழிக்காகக் கை உயர்த்தும் நாள் வரை அவளுடைய திருமணம், வீட்டில் நடப்பது போலவே கோப்பிலும் நடந்துகொண்டிருக்க வேண்டும்.

இது அயல்நாட்டுக் கதை என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. மலேசிய அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவைப் பாருங்கள். குடிமகனை மணந்த அயல்நாட்டுப் பெண், இங்கே இரண்டாண்டு வசித்து, மற்ற நிபந்தனைகளையும் நிறைவேற்றினால், பதிவு மூலம் குடியுரிமை கோர அது வழி செய்கிறது. குடிமகளை மணந்த அயல்நாட்டு ஆணுக்கு அந்தப் பிரிவில் இடம் இல்லை. கணவன் எவ்வழியோ மனைவியும் அவ்வழி என்ற பழைய எண்ணத்தின் நிழல் எத்தனை தூரம் நீண்டிருக்கிறது என்பதை இதிலிருந்து உணரலாம்.

நேயர்களே, 1855-இல் மனைவியைக் கணவனின் நிழலாகக் கண்டது சட்டம். 1922-இல் அவளைத் தனி மனுஷியாகக் கண்டது. 1986-இல் இருவரையும் சேர்த்துச் சந்தேகக் கண்ணோடு பார்த்தது. இந்த மூன்று பார்வைகளும் ஒன்றன் மேல் ஒன்றாகப் படிந்து கிடப்பதைத்தான், அதிகாரியின் மேசையில் உள்ள அந்த இரட்டைக் கோப்பில் இன்று காண்கிறோம். பொய்த் திருமணத்தைத் தடுக்க அரசுக்கு உரிமை உண்டு. அதை யாரும் மறுக்கமாட்டார்கள். ஆனால் மெய்யாக வாழ்கிறவர்களின் மனு ஆண்டுக்கணக்கில் கிடக்கும்போது, அந்தச் சோதனைக்கு உள்ளாகிறவர் பொய்யர் அல்லர், மெய்யரே.

ஆகவே உங்கள் வீட்டுப் பெண்ணோ பிள்ளையோ அப்படிக் காத்திருந்தால், “கடிதம் வந்ததா?” என்று மட்டும் கேட்காதீர்கள். தேதிகளைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். பத்திரங்களைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். அந்த நாட்டுச் சட்டம் அறிந்த வழக்கறிஞரிடம் ஒரு முறை கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். தாம் நிற்கும் வரிசை தமக்கு முன்பே நெடுங்காலமாக நீண்டு நிற்கிறது என்பதையும், அதில் எதெல் மெக்கன்சியும் மேரி தாசும் எல்லன் நாஃபும் நின்றிருக்கிறார்கள் என்பதையும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.